லண்டனை விட்டு பார்சிலோனாவுக்கு: 'ஐஸ்' சூதாட்டக் கண்காட்சியில் சில நாட்கள்

ஜனவரி 18, 2025, சனி

ஜன்னல் ஓர இருக்கை கிடைத்தது. எல் பிராத் விமான நிலையத்தில் இறங்கும்போது யோப்ரெகாத் ஆற்றின் கழிமுகம் நன்றாகத் தெரிந்தது. ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் கட்டம் கட்டமாகப் பச்சை வயல்கள். ஆர்ட்டிசோக் விளைச்சலுக்குப் பேர்போன மண் இது. 2012-ல் அமெரிக்க கேசினோ முதலாளி ஷெல்டன் அடெல்சன் 'யூரோவேகாஸ்' என்ற பெயரில் ஸ்பெயினில் ஒரு சூதாட்ட நகரமே கட்ட வந்தார். பார்சிலோனாவும் மாட்ரிட்டும் போட்டி போட்டன. பார்சிலோனா தரப்பு காட்டிய இடம் இந்த வயல்கள் இருக்கும் பாய்ஷ் யோப்ரெகாத் பகுதிதான். விவசாயிகளும் சூழல் ஆர்வலர்களும் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். கடைசியில் அடெல்சன் மாட்ரிட் பக்கம் போனார். 2013 டிசம்பரில் அங்கேயும் திட்டத்தைக் கைவிட்டார். அவர் கட்டாமல் போன இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், நாளை மறுநாள் உலகச் சூதாட்டத் தொழிலே வந்து கூடப்போகிறது.

'ஐஸ்' பற்றித் தெரியாதவர்களுக்கு: சூதாட்ட மெஷின் செய்பவர்கள், ஆன்லைன் ஆட்டம் எழுதுபவர்கள், கேசினோ நடத்துபவர்கள், பணப் பரிவர்த்தனை நிறுவனங்கள், லைசென்ஸ் கொடுக்கும் அரசு அதிகாரிகள் எல்லோரும் வருஷத்துக்கு ஒருமுறை சந்திக்கும் வர்த்தகக் கண்காட்சி. பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. 2012 வரை லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்டில் நடந்தது. 2013-லிருந்து கிழக்கு லண்டன் எக்ஸெல் அரங்கம். போன பிப்ரவரி 6 முதல் 8 வரை நடந்ததுதான் லண்டனில் கடைசி. இந்த வருஷம் முதல் பார்சிலோனா.

நான் லண்டனில் ஒரு சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஸ்லாட் என்றால் காசு கட்டி பட்டனைத் தட்டினால் படங்கள் சுழன்று நிற்கும் சூதாட்டம். அந்த ஆட்டங்களின் கணக்கைச் சரிபார்ப்பது என் வேலை. கட்டிய பணத்தில் ஆட்டம் சொல்லும் சதவீதத்தை உண்மையிலேயே திருப்பிக் கொடுக்கிறதா, எண்கள் நிஜமாகவே தற்செயலாக விழுகின்றனவா என்று கோடிக்கணக்கான சுற்றுகளை ஓட்டிப் பார்ப்போம். அதனால் இந்தப் பயணம் ஆபீஸ் செலவு. கருத்துகள் என்னுடையவை.

ஜனவரி 19, ஞாயிறு

கண்காட்சி நடக்கும் கிரான் வியா வளாகம் கண்டிப்பாகச் சொன்னால் பார்சிலோனாவிலேயே இல்லை. ஒட்டியிருக்கும் லோஸ்பிதலெட் என்ற தனி நகராட்சியில் இருக்கிறது. காலையில் அந்த ஊருக்குள் நடந்தேன். ஐரோப்பாவிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் பேட்டைகளில் சில இங்கே இருக்கின்றன. குறுகிய தெருக்கள், பால்கனி முழுக்கத் துணி, கீழே சின்னச் சின்னக் கடைகள்.

ஒரு பாருக்குள் காபி குடிக்கப் போனேன். ஸ்பெயினில் பார் என்றால் காலையில் காபியும் ரொட்டியும் கொடுக்கும் இடமும் அதுதான். தக்காளி தேய்த்து எண்ணெய் விட்ட ரொட்டி வந்தது. மூலையில், கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில், ஒரு ஸ்லாட் மெஷின். இங்கே பார்களில் இதற்குச் சட்டப்படி அனுமதி உண்டு, பல வருஷமாக.

எழுபது வயதிருக்கும் ஒருவர் வந்தார். கவுண்டரில் நோட்டை மாற்றி, சில்லறையை மெஷின் மேலேயே அடுக்கி வைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தார். இடது கையில் காபி. வலது கை பட்டனை விட்டு எடுக்கவே இல்லை. முகத்தில் மகிழ்ச்சியும் இல்லை, கவலையும் இல்லை. நடுவில் ஒருமுறை மெஷின் பாட்டுப் பாடி நாணயங்களைக் கொட்டியது. அவர் எண்ணிக்கூடப் பார்க்காமல் திரும்ப உள்ளே போட்டார். அடுக்கு கரைந்ததும் காபிக்குக் காசு கொடுத்துவிட்டு, பார்க்காரரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்பினார். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. நான் ஆபீஸில் பார்ப்பதெல்லாம் கணினி தானே ஆடும் சுற்றுகள். மனிதர் ஆடுவதை இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அதிகம் கிடைப்பதில்லை.

வெளியே தெருமுனையில் 'ஓன்சே' கடை. பார்வையற்றோருக்காக 1938-ல் தொடங்கிய ஸ்பானிய அமைப்பு அது. லாட்டரிச் சீட்டு விற்கிறது. விற்பவர்கள் பெரும்பாலும் பார்வை இல்லாதவர்கள் அல்லது வேறு மாற்றுத்திறனாளிகள். இதுவும் சூதாட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் காலையில் சீட்டு வாங்கினால் இரவு குலுக்கல் வரை காத்திருக்க வேண்டும். பாருக்குள் அந்தப் பெரியவர் காத்திருந்தது ஒரு சுற்றுக்குச் சில விநாடிதான். சீட்டை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவரையும், பட்டனிலிருந்து கை எடுக்காதவரையும் வேறாக்குவது அந்த நேர இடைவெளிதான் என்பது என் உறுதியான எண்ணம். இந்த வாரம் முழுக்க அதைத்தான் கவனிக்கப் போகிறேன்.

ஜனவரி 20, திங்கள்

கண்காட்சி தொடக்கம். ஓட்டுநர் இல்லாத ஒன்பதாம் எண் மெட்ரோவில் ஃபிரா ஸ்டேஷன். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட கூட்டம் பெட்டி முழுக்க. பக்கத்து பிளாசா யூரோப்பாவில் முறுக்கி நிமிர்ந்த மாதிரி ஒரு சிவப்புக் கோபுரம் நிற்கிறது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் தொயோ இத்தோ வடிவமைத்த ஹோட்டல். கண்காட்சி வளாகத்தின் நுழைவாயிலும் அவர் கைவண்ணம்தான்.

இடம் மாறியதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம் லண்டனில் இடம் போதவில்லை என்பது. உள்ளே நடந்தால் புரிகிறது. எக்ஸெல் சுமார் 1 லட்சம் சதுர மீட்டர். நடுவில் ஒரே நீளமான நடை, இரண்டு பக்கமும் அரங்குகள். மதியத்துக்குமேல் அந்த நடையில் தோள் இடிக்காமல் நகர முடியாது. கிரான் வியாவில் 2 லட்சத்து 40 ஆயிரம் சதுர மீட்டர், எட்டு அரங்குகள். அவற்றை இணைக்கும் மேம்பாலத்தில் நகரும் நடைபாதை. செல்போன் உலகத்தின் பெரிய கண்காட்சியான மொபைல் வேர்ல்டு காங்கிரஸ் நகரின் பழைய மோன்ஜுயிக் வளாகத்திலிருந்து 2013-ல் இங்கே மாறியது. ஆம்ஸ்டர்டாமில் நடந்துவந்த ஐ.எஸ்.இ. என்ற ஒலி-ஒளிக் கருவிக் கண்காட்சியும் 2021-ல் பார்சிலோனா வந்துவிட்டது. இப்போது சூதாட்டமும். ஊர்க்காரர்களுக்கு ஜனவரியில் ஹோட்டல் நிறைகிறது, டாக்ஸி ஓடுகிறது. கூடுதல் இடத்தை நிறுவனங்கள் விடவில்லை. லண்டனில் ஒரு மாடி வைத்திருந்த ஸ்டால்கள் இங்கே இரண்டு மாடி. ஆஸ்திரியா, ஆஸ்திரேலியா, பல்கேரியா என்று ஒவ்வொரு நாட்டு மெஷின் கம்பெனியும் ஒரு தெரு அளவுக்கு இடம் பிடித்திருக்கிறது. பக்கத்து ஊரான தெர்ராசாவில் தலைமையகம் வைத்திருக்கும் சிர்சா நிறுவனத்துக்கு இது சொந்த மண்.

ஒரு நல்ல மாற்றத்தையும் சொல்ல வேண்டும். 2018-ல் எக்ஸெலில் அரைகுறை உடையில் பெண்களை நிற்கவைத்து ஸ்டாலுக்குக் கூட்டம் சேர்த்தார்கள். பிரிட்டனின் சூதாட்ட ஆணையமே பகிரங்கமாகக் கண்டித்தது. அதற்குப் பிறகுதான் நடத்தை விதிகள் கடுமையாயின. இன்று நான் சுற்றிய இடங்களில் அந்த மாதிரி எதுவும் இல்லை. பொறியாளராகப் பேச வந்த பெண்கள் நிறைய. எனக்கு அதில் உண்மையான சந்தோஷம்.

கால் வலி. மீதி நாளைக்கு.

ஜனவரி 21, செவ்வாய்

இன்றைக்கு எழுதுவதுதான் இந்தப் பயணத்தில் முக்கியமானது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு ஆன்லைன் ஸ்லாட் ஸ்டாலில் புது ஆட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தார்கள். விற்பனையாளர் நல்ல பையன், கேட்டதற்கெல்லாம் மறைக்காமல் பதில் சொன்னான். டேப்லெட்டில் நிர்வாகத் திரையைத் திறந்து காட்டினான். மேலே நாட்டின் பெயர். தொட்டால் பட்டியல் விரியும். பிரிட்டன் என்று வைத்து ஆடினான். ஒரு சுற்றுக்கு இரண்டரை விநாடி. தானாகச் சுற்றும் பட்டன் இல்லை. 1 பவுண்டு கட்டி 30 பென்ஸ் திரும்பி வந்தது, திரை அமைதியாக அந்த எண்ணை மட்டும் காட்டியது. 2021 அக்டோபரிலிருந்து பிரிட்டனில் ஆன்லைன் ஸ்லாட்டுக்கு இதுதான் சட்டம். போட்ட பணத்தைவிடக் குறைவாக வந்தால் கொண்டாடக் கூடாது.

அடுத்து பட்டியலில் கட்டுப்பாடு குறைவான ஒரு சந்தையைத் தேர்ந்தெடுத்தான். அதே ஆட்டம், அதே படங்கள். தானியங்கி பட்டன் முளைத்தது. சுற்று வேகம் கூடியது. 1 கட்டி 30 காசு வந்ததற்குத் தங்க நாணயங்கள் திரை முழுக்கப் பொழிந்தன, மேளம் கொட்டியது, 'ஜெயித்தாய்' என்றது. 70 காசு போயிருக்கிறது. கேட்பவர் காதுக்கும் பார்ப்பவர் கண்ணுக்கும் அது வெற்றி.

பட்டியலுக்குக் கீழே இன்னொரு கட்டம். ஆர்.டி.பி., அதாவது ஆட்டம் நீண்ட ஓட்டத்தில் ஆடுபவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் சதவீதம். 96, 94, 92 என்று தெரிவுகள். ஆட்டத்தை வாங்கும் சூதாட்டத் தளம் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். இது எனக்குப் புதிதில்லை, ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியாகச் சோதனை செய்து கையெழுத்துப் போடுவதே நாங்கள்தான். ஆனால் வெளியில் இருப்பவர்களில் பலருக்கு இது தெரியாது. ஒரு தளத்தில் 96-ல் ஓடும் ஆட்டம், பக்கத்துத் தளத்தில் அதே பெயரில், அதே பொம்மைகளோடு 92-ல் ஓடலாம். பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. உதவிப் பக்கத்தைத் திறந்து தேடிப் படித்தால்தான் உண்டு.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சுற்றுக்கு 1 யூரோ. இரண்டரை விநாடிக்கு ஒரு சுற்று என்றால் மணிக்கு 1,440 சுற்று. 96 சதவீத ஆட்டத்தில் சராசரியாக மணிக்கு 57 யூரோ 60 சென்ட் போகும். 94 ஆக்கினால் 86 யூரோ 40 சென்ட். இரண்டு சதவீதம் என்று காதில் விழும்போது சின்னதாகத் தெரிகிறது, இழப்பு ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது.

இப்போது ஜெர்மனியைப் பாருங்கள். 2021 உடன்படிக்கைப்படி அங்கே ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 1 யூரோ, சுற்று சராசரியாகக் குறைந்தது 5 விநாடி, மாதத்துக்கு 1,000 யூரோ பணம் போடும் வரம்பு. மணிக்கு 720 சுற்று. 96 சதவீதத்தில் இழப்பு 28 யூரோ 80 சென்ட், சரிபாதி. ஆனால் அதே ஜெர்மனி கட்டும் பணத்தின் மீதே 5.3 சதவீத வரி போட்டது. 96 கொடுக்கும் ஆட்டத்தில் கம்பெனிக்கு மிஞ்சுவதே 4 சதவீதம்தான், வரி அதைவிட அதிகம். அதனால் ஆர்.டி.பி.யை இறக்குகிறார்கள். 88-க்கு இறக்கினால் மணிக்கு இழப்பு திரும்பவும் 86 யூரோ 40 சென்ட். வேகத்தைக் குறைத்து அரசு ஒரு கையால் கொடுத்த பாதுகாப்பு, வரி என்ற மறுகையால் போய்விடும். சட்டம் எழுதுபவர்கள் கணக்கு தெரிந்தவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

ஆட்டத்தில் இருக்கும் கருணையும் கொடுமையும் அந்த ஆட்டத்தை எழுதியவர் கையில் மட்டும் இல்லை. ஆடுபவர் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறாரோ, அந்த நாட்டுச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. கண்காட்சி லண்டனில் நடந்தாலும் பார்சிலோனாவில் நடந்தாலும் அந்தப் பட்டியல் ஒன்றேதான்.

மதியம் காபி வரிசையில் பின்னால் நின்ற தம்பி ஒருவன் போனில் தமிழ் பேசினான். கோயம்புத்தூர். மால்டாவில் ஒரு ஸ்டுடியோவில் ஸ்லாட் பாத்திரங்களுக்கு அனிமேஷன் செய்கிறான்.

"அக்கா, நான் வரையறது டிராகன், ராஜா, புதையல் பெட்டி. வீட்டுல கேம் கம்பெனின்னுதான் சொல்லியிருக்கேன்" என்றான்.

"பொய் இல்லையே" என்றேன்.

"பொய் இல்ல. ஆனா எங்க மாமா ஆன்லைன் ரம்மில வீட்டை அடமானம் வெச்சவரு. அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?"

அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். தமிழ்நாடு 2003-ல் லாட்டரியைத் தடை செய்தபோது அவன் குழந்தை. ஆன்லைன் ரம்மியால் தற்கொலைகள் தொடர்ந்து செய்தியாகி, 2022-ல் சட்டமன்றம் தடைச் சட்டம் கொண்டுவந்து, ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்ததெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அந்த நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி, அவற்றைத் தடையிலிருந்து விலக்கியது. ஆனால் வயது, நேரம் போன்றவற்றில் அரசு கட்டுப்பாடு கொண்டுவரலாம் என்று வழி விட்டது. அந்த வழிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. திறமையா அதிர்ஷ்டமா என்று எவ்வளவு வருஷம் வேண்டுமானாலும் வாதாடலாம். இரவு இரண்டு மணிக்கு, சம்பளம் வந்த அன்றைக்கு, ஒருவர் எத்தனை நிமிஷத்தில் எவ்வளவு இழக்க முடியும் என்ற கேள்விக்கு எண்ணால் பதில் எழுதலாம், அதைச் சோதித்தும் பார்க்கலாம்.

ஜனவரி 22, புதன்

கடைசி நாள். மதியத்துக்குமேல் பெட்டி கட்டும் சத்தம்தான் எல்லா அரங்கிலும்.

காலையில் உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவரோடு உட்கார்ந்தேன். பத்து மாசத்துக்கு முன்னால் ஒரு கேசினோ திட்டத்தால் பார்சிலோனாவைத் தலைநகராகக் கொண்ட இந்தக் கத்தலோனியா மாகாணத்தில் ஆட்சியே ஆட்டம் கண்டதை நினைவுபடுத்தினார். தாரகோனா பக்கம், போர்ட் அவெஞ்சுரா பொழுதுபோக்குப் பூங்காவை ஒட்டி ஹார்ட் ராக் நிறுவனத்தின் கேசினோ வளாகம் வருவதாக இருந்தது. அதைக் கைவிட்டால்தான் பட்ஜெட்டுக்கு ஓட்டு என்று இடதுசாரிக் கட்சி ஒன்று நின்றது. 2024 மார்ச் 13-ல் பட்ஜெட் தோற்றது. அன்றைக்கே மாகாண அதிபர் பெரே அரகோனெஸ் மே 12-ல் முன்கூட்டியே தேர்தல் என்று அறிவித்தார். அவர் கட்சி அந்தத் தேர்தலில் பின்தங்கியது. வறட்சிக் காலத்தில் இவ்வளவு பெரிய வளாகத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கேள்வியும் அப்போது பெரிதாக எழுந்ததாம்.

"கண்காட்சிக்கு எதிர்ப்பு இல்லையா?" என்று கேட்டேன்.

"மூன்று நாளில் கிளம்பிவிடுவீர்கள் அல்லவா" என்றார். கேசினோ வந்தால் ஊரோடு இருக்கும். கண்காட்சிக்கு வருபவர்கள் அறை எடுத்து, சாப்பிட்டு, போய்விடுவார்கள். அவர் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

ஸ்பெயின் இந்த விஷயத்தில் தூங்கவில்லை. 2020-ல் வந்த அரசாணைப்படி சூதாட்ட விளம்பரம் டிவியில் நள்ளிரவு 1 மணியிலிருந்து 5 மணி வரைதான். கால்பந்து அணிகளின் சட்டையிலிருந்தும் சூதாட்டப் பெயர்களை எடுக்க வைத்தார்கள். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையின் சில பகுதிகளை ரத்து செய்தது, புது வாடிக்கையாளருக்குப் போனஸ் கொடுக்கத் தடை என்பது அதில் ஒன்று. ஆன்லைன் ஸ்லாட் ஆட உட்காரும் முன்பே எவ்வளவு நேரம், எவ்வளவு பணம் என்று ஆடுபவர் குறித்துவிட வேண்டும் என்ற விதி இங்கே உண்டு. எனக்கு மிகவும் பிடித்த விதி அது. பிரிட்டனில் இந்த வசந்தத்தில்தான் ஆன்லைன் ஸ்லாட்டுக்கு சுற்றுக்கு 5 பவுண்டு வரம்பு வரப்போகிறது. 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 2 பவுண்டு.

பிற்பகல் முழுக்க ஆடுபவர் பாதுகாப்புக்கென்று ஒதுக்கிய பகுதியில் கழித்தேன். அடிமையானவர்களுக்கு உதவும் தொண்டு அமைப்புகள், சூதாட்டத் தளங்களைப் போனில் தடுக்கும் மென்பொருள் செய்பவர்கள். ஒருகாலத்தில் எல்லாவற்றையும் இழந்து மீண்டவர்களும் அங்கே பேசினார்கள். இரண்டு மாடி ஸ்டால்களோடு பார்த்தால் சின்ன இடம். ஆனால் மூன்று நாளில் நான் கேட்ட மிக நேர்மையான பேச்சு இங்கேதான். ஒருவர் சொன்னது: "நான் ஜெயிக்க ஆடவில்லை. நிறுத்தாமல் இருக்க ஆடினேன்." ஞாயிற்றுக்கிழமை பாரில் பார்த்த பெரியவர் எண்ணாமல் காசைத் திரும்பப் போட்டதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அங்கே ஒரு நாட்டின் ஒழுங்குமுறை அதிகாரி நின்றிருந்தார். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போய்ப் பேசினேன். நான் கேட்டது ஒன்றுதான்: ஆட்டத்தின் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பதை உதவிப் பக்கத்தில் ஒளித்து வைக்காமல், ஆடும் திரையிலேயே, பந்தயத் தொகைக்குப் பக்கத்தில், அதே எழுத்து அளவில் காட்ட வேண்டும். சதவீதமாக வேண்டாம். 'இதே வேகத்தில் ஆடினால் மணிக்குச் சராசரி இழப்பு இவ்வளவு' என்று பணமாகக் காட்டட்டும். வேகம் தெரியும், தொகை தெரியும், ஆர்.டி.பி. தெரியும். மூன்றும் ஏற்கெனவே மென்பொருளுக்குள் இருக்கிற எண்கள். ஆர்.டி.பி.யை நூறிலிருந்து கழித்து, வரும் சதவீதத்தை மற்ற இரண்டோடு பெருக்கினால் போதும், செலவே கிடையாது.

அவர் உடனே ஒரு சிக்கல் சொன்னார். சராசரி என்று போட்டால், ஒரு மணி நேரத்தில் அதைவிடப் பல மடங்கு இழப்பவர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார் என்றார். சரியான கேள்வி. அப்படியானால் சராசரியோடு, பத்தில் ஒருவர் இதைவிட அதிகம் இழப்பார் என்ற எல்லையையும் சேர்த்துப் போடலாம் என்றேன். எங்கள் சோதனையில் அதுவும் வெளிவருகிறது. கொஞ்சம் யோசித்தார். "எழுதி அனுப்புங்கள், எங்கள் தொழில்நுட்பக் குழுவிடம் வைக்கிறேன்" என்று கார்டு கொடுத்தார்.

ஜனவரி 23, வியாழன்

விமான நிலையம். அடுத்த வருஷமும் ஐஸ் இங்கேதான், ஜனவரி 19 முதல் 21 வரை.

நேற்று இரவே எழுத உட்கார்ந்துவிட்டேன். நான்கு பக்கம் வந்திருக்கிறது. பிரிட்டன் கணக்கு முடிந்தது, ஜெர்மனி அட்டவணையில் வரியைத் தனிப் பத்தியாகக் காட்ட வேண்டும். அந்த கோயம்புத்தூர்த் தம்பிக்கு மெசேஜ் போட்டேன், மணிக்கு இழப்பு திரையில் எப்படித் தெரியும் என்று ஒரு மாதிரிப் படம் வரைந்து தரமுடியுமா என்று. "இன்னிக்கு ராத்திரியே அனுப்புறேன் அக்கா, எழுத்து எவ்வளவு பெருசா வேணும்?" என்று கேட்டிருக்கிறான். பந்தயத் தொகை எந்த அளவோ அதே அளவு என்று பதில் போட்டிருக்கிறேன்.